அலைமேல் ஓர் இல்லறம்



பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மனிதன் எங்கே போய்ச் சேருகிறான்? பெரும்பாலோர் சாய்வு நாற்காலியில் போய்ச் சேருகிறார்கள். ஆனால் அறுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும், நெடுங்காலம் வாழ்ந்த வீட்டை விற்றுவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளித்துவிட்டு, நாற்பது அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகில் குடியேறுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நாம் என்ன சொல்வோம்? "வயதான காலத்தில் இது என்ன விபரீத ஆசை!" என்றுதான் சொல்வோம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். அவர்களுடைய வாழ்வைப் பற்றிப் படிக்கப் படிக்க, விபரீதம் என்று நினைத்த இடத்தில் விவேகமும் இருக்கக் கண்டோம். முதுமையில் கணவனும் மனைவியும் எவ்வாறு ஒருவருக்கொருவர் துணையாதல் வேண்டும், அயலாரோடு எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்பதைப் பற்றி அப்படகுகள் நமக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அதனை இம்மாதம் சிந்திப்போம்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளில் இத்தகைய வாழ்வு புதிதன்று. 1952-ஆம் ஆண்டிலேயே, கலிபோர்னியாவில் படகுகளில் குடியிருந்த ஆறு தம்பதியர் கூடி, 'ஏழு கடல் பயணச் சங்கம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சங்கத்தை நிறுவினர். தாம் தங்கிச் சென்ற துறையில், தமக்குப் பின் வரும் படகையும் மக்கள் மகிழ்ந்து வரவேற்கும்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அச்சங்கத்தின் நெறி. அதே 1952-இல்தான் எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்னும் ஆங்கிலத் தம்பதியர் முப்பதடிப் படகு ஒன்றில் உலகைச் சுற்றப் புறப்பட்டு, 1955-இல் வெற்றியுடன் திரும்பினர். எரிக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. அவர் எழுதிய நூல்களைப் படித்துக் கடலுக்கு வந்த முதிய தம்பதியர் பலர். ஹிஸ்காக் தம்பதியரும் பிற்காலத்தில் கரையிலிருந்த வீட்டை விட்டுவிட்டுப் படகையே இல்லமாகக் கொண்டனர்.

இன்று இவ்வாறு வாழும் முதியோரில் எல்லோரும் உலகைச் சுற்றுவதில்லை. அமெரிக்காவின் கீழைக்கரையில் உள்ளவர்கள் பலர், பறவைகளைப் போலப் பருவத்திற்கேற்ப இடம் மாறுகிறார்கள். கோடையில் வடக்கே செசபீக் வளைகுடாவிலோ அதற்கும் அப்பாலோ தங்குவார்கள். இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கிப் புறப்படுவார்கள். வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக் நகரிலிருந்து ஃபுளோரிடா வரை, ஆறுகளையும் கழிமுகங்களையும் வெட்டிய கால்வாய்களையும் இணைத்து, ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட உள்நாட்டு நீர்வழி ஒன்று அமைந்துள்ளது. படகின் வேகமோ மணிக்குப் பத்துக் கிலோமீட்டர். மிதிவண்டியில் நிதானமாகச் செல்பவரின் வேகம் அவ்வளவே! ஆகவே அந்த வழியைக் கடக்கப் பல வாரங்கள் ஆகும்.

ஃபுளோரிடாவை அடைந்தபின் பொறுமைக்கு ஒரு சோதனை வரும். ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸ் தீவுகளுக்கும் இடையே வளைகுடா நீரோட்டம் என்னும் பெரும் நீரோட்டம் வடக்கு நோக்கி விரைந்து பாய்கிறது. மியாமி நகருக்கு எதிரே உள்ள பிமினித் தீவு எண்பது கிலோமீட்டர்த் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் வடக்கேயிருந்து காற்று வீசினால், எதிர்த்து வரும் நீரோட்டத்தின்மேல் அலைகள் செங்குத்தாக எழும்பும். அந்நாளில் கடக்க முயல்வது அறிவுடைமையன்று. காற்றுத் திரும்பும்வரை ஒரு நாளோ பத்து நாளோ காத்திருக்கவே வேண்டும். குறித்த தேதியில் போய்ச் சேருவேன் என்று பேரப்பிள்ளைகளுக்கு வாக்களித்துவிட்டு, அந்த வாக்குக்காகப் பொல்லாத காற்றில் புறப்பட்டுத் துன்பப்பட்டவர்கள் உண்டு. எனவே, நாளைச் சொல், அல்லது இடத்தைச் சொல், இரண்டையும் சேர்த்துச் சொல்லாதே என்பது படகில் வாழ்வோரிடையே வழங்கும் அறிவுரை. ஜூன் முதல் நவம்பர் வரை அக்கடலில் சூறாவளிக் காலம். அதற்கு முன்னதாகவே பெரும்பாலோர் வடக்கே திரும்பிவிடுவார்கள்.

இவர்கள் குளிர்காலத்தில் கூடும் இடங்களில் புகழ்பெற்றது பஹாமாஸ் நாட்டுக் கிரேட் எக்சூமா தீவிலுள்ள ஜார்ஜ் டவுன். அது ஒரு சிற்றூர். கடக ரேகை அதனருகே செல்கிறது. ஊருக்கு எதிரே ஸ்டாக்கிங் தீவு அணைபோல் நீண்டு கிடப்பதால், இடையிலுள்ள எலிசபெத் துறைமுகம் பாதுகாப்பானது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகள் நங்கூரமிட்டு நிற்கும். அத்தகைய படகொன்றில் வாழும் தம்பதியர் இருவரை மனக்கண்முன் நிறுத்தி, அவர்களுடைய ஒரு நாளைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

அவர்களுடைய வீடு பன்னிரண்டு மீட்டர் நீளம், அகன்ற இடத்தில் நான்கு மீட்டர் அகலம். அதற்குள்ளேயே படுக்கை, அடுப்பு, மேசை, கழிப்பறை, இயந்திரம் எல்லாம் அடங்க வேண்டும். மின்சாரம் சூரிய ஒளித் தகடுகளிலிருந்து கிடைக்கிறது. குடிநீரைக் கரையிலிருந்து கலங்களில் சுமந்து வருகிறார்கள். அல்லது கடல்நீரின் உப்பை நீக்கும் சிறு கருவியால் ஆக்கிக்கொள்கிறார்கள். பாத்திரம் கழுவும்போது ஒவ்வொரு குவளை நீரும் கணக்கில் வரும். உப்புக் காற்று இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். இன்று நீரிறைக்கும் பம்பு பழுதாகும், நாளை கழிப்பறைக் குழாய் அடைபடும். இவர்களுடைய வாழ்வுக்கு ஓய்வு என்று பெயரிட்டவர் யாரோ, அவர் ஒரு நாளேனும் படகில் இருந்திரார்!

காலை எட்டு மணிக்குப் படகுகளில் வானொலிக் கருவிகள் ஒலிக்கத் தொடங்கும். துறையிலுள்ள எல்லாரும் ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதலில் வானிலை. பிறகு, புதிதாக வந்தவர்கள் தம் படகின் பெயரைச் சொல்லி வணக்கம் கூறுவார்கள், புறப்படுகிறவர்கள் விடைபெறுவார்கள். ஒருவருக்கு இயந்திரத்தின் உதிரிப் பாகம் ஒன்று தேவை. இன்னொருவரிடம் அது இருக்கிறது. ஒருவருக்குப் பல்வலி, கரையில் மருத்துவரை எங்கே காணலாம் என்று மற்றொருவர் சொல்கிறார். அரை மணி நேரத்திற்குள் ஓர் ஊரே விழித்தெழுந்து முகம் பார்த்துக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

அதன்பின் ரப்பர்ப் படகில் ஏறிக் கரைக்குச் செல்வார்கள். தலைநகர் நசாவிலிருந்து தபால் கப்பல் வந்த நாளாயின், கடையில் புதிய காய்கறி கிடைக்கும். பிற்பகலில் ஸ்டாக்கிங் தீவின் மணற்பரப்பில் சிலர் பந்து விளையாடுவார்கள், சிலர் சீட்டாடுவார்கள், சிலர் படித்து முடித்த நூல்களை மாற்றிக்கொள்வார்கள். மாலையில் ஒருவருடைய படகில் நாலைந்து தம்பதியர் கூடுவார்கள். அழைக்கப்பட்டவர்கள் படகின் பக்கத்தைத் தட்டி, ஏறலாமா என்று கேட்டபின்னரே ஏறுவார்கள். குடிப்பதற்குரியதைத் தாமே கொண்டுவருவார்கள். உண்பதற்கு ஒரு பண்டமும் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். விருந்து கொடுப்பவருக்குப் பாரமில்லை, விருந்துக்கு வருபவருக்குக் கூச்சமில்லை. கதிரவன் கடலில் மறையும் வேளையில் படகுதோறும் சங்கு முழங்கும். நமக்குச் சங்கொலி வேறு நினைவுகளைத் தரக்கூடும். அவர்களுக்கோ அது அந்த நாளுக்குக் கூறும் நன்றி.

இந்த உறவில் நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அங்கே ஒருவரை ஒருவர் படகின் பெயராலேயே அறிகிறார்கள். குடும்பப் பெயர் பல மாதம் தெரியாமலே இருக்கும். முன்னே என்ன உத்தியோகம் பார்த்தீர் என்ற கேள்வி மெதுவாகவே வரும். நீதிபதியாய் இருந்தவரும் குழாய் பழுது பார்த்தவரும் அருகருகே நங்கூரமிடுகிறார்கள். இயந்திரம் நின்றுவிட்ட நாளில், அந்த இருவரில் யாருடைய நட்பு அதிகம் தேடப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை! பதவி போனபின் தாம் யாருமில்லை என்று வாடுகிற முதியோர் பலரை நாம் அறிவோம். பதவியைக் கேளாமல் ஆளை ஏற்றுக்கொள்ளும் அயலார் கிடைப்பது அத்தகையோருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

அயலாரிடம் அன்பு மட்டும் இருந்தால் போதாது, அளவும் இருக்க வேண்டும் என்பதை நங்கூரம் கற்பிக்கிறது. முதல் கிறிஸ்தவர்கள் நம்பிக்கையின் அடையாளமாகத் தம் கல்லறைகளில் நங்கூரத்தைப் பொறித்தார்கள் என்பதை நாம் அறிவோம். நங்கூரம் தன் கனத்தால் மட்டும் படகைப் பிடித்து நிறுத்துவதில்லை. ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளமாகச் சங்கிலியை விடவேண்டும். அப்போதுதான் இழுப்பு மேல்நோக்கி அமையாமல் தரையோடு அமைந்து, நங்கூரம் மணலில் மேலும் ஆழப் பதியும். நீண்ட சங்கிலியில் நிற்கும் படகு, காற்றுத் திரும்பும்போது பெரிய வட்டமாகச் சுழலும். ஆகையால் பின்னர் வருபவர், முன்னர் வந்தவருடைய வட்டத்திற்குள் புகாமல் தள்ளி நிற்க வேண்டும் என்பது கடலோர் முறை. அமைதியான பகலில் நெருங்கி நிற்பது இன்பமாய்த் தோன்றும். நள்ளிரவில் காற்றுத் திரும்பும்போதே, விட்ட இடைவெளியின் அருமை விளங்கும். குடும்பங்களுக்கு இடையிலும் இவ்வாறே அன்றோ?

இனி, கணவன் மனைவிக்கு வருவோம். கரையில் நாற்பது ஆண்டு இணைபிரியாது வாழ்ந்தோம் என்று சொல்லும் தம்பதியர், உண்மையில் பகலில் பெரும்பகுதி பிரிந்தே வாழ்ந்தவர்கள். அவர் அலுவலகத்தில், அம்மையார் வீட்டில் அல்லது தம் பணியிடத்தில். படகிலோ இருபத்துநான்கு மணி நேரமும் முகத்துக்கு முகம். கோபித்துக்கொண்டு போய் உட்கார மறு அறை இல்லை. நங்கூரமிடும் நேரமே சண்டைக்குப் பேர்போன நேரம். ஒருவர் பின்னால் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் முன்முனையில் நிற்பார். இயந்திர ஓசையில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேளாது. குரல் உயரும், உயர்ந்த குரல் சினமாகக் கேட்கும். அந்தக் காட்சியைக் காணவே சுற்றியுள்ள படகுகளில் இருப்போர் வெளியே வந்து உட்காருவதுண்டு! இதனால் பலர் கைச்சாடைகளைப் பழகிக்கொள்கிறார்கள். சிலர் காதில் பொருத்திப் பேசும் கருவிகளை வாங்குகிறார்கள். அக்கருவிக்குத் 'திருமணம் காப்பான்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருக்கிறார்கள். வேடிக்கைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. சண்டைகளில் பல, அன்புக் குறைவால் அல்ல, காதில் விழாமையால் வருகின்றன.

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. இரவும் பகலும் தொடர்ந்து செல்லும் பயணத்தில் ஒருவர் விழித்திருக்க, மற்றவர் உறங்க வேண்டும். மூன்று அல்லது நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். கீழே உறங்குபவர் தம் உயிரை மேலே விழித்திருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு உறங்குகிறார். விழித்திருப்பவர் நீரில் விழுந்துவிட்டால், உறங்கி எழுந்தவர் தனியாகவே படகைத் திருப்பி, அவரைத் தேடிக் கண்டு, மேலே ஏற்ற வேண்டும். ஆகவே, இருவருள் எவரும் மற்றவரின்றிப் படகைக் கரைசேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இவ்வாழ்வின் முதல் விதி.

இவ்விதியின் பொருளை உணர்த்த மைல்ஸ் ஸ்மீட்டன், பெரில் ஸ்மீட்டன் என்னும் தம்பதியரின் வரலாறு போதும். மைல்ஸ் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பிரிகேடியராய் இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் கனடாவில் பண்ணை வைத்து வாழ்ந்தபின், பாய்மரத் தொழிலில் அனுபவம் ஏறக்குறைய இல்லாத நிலையில், 1951-இல் 'ட்சு ஹாங்' என்னும் படகை வாங்கினர். 1956 டிசம்பரில், ஜான் கஸ்வெல் என்னும் இளைஞரையும் சேர்த்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையை நோக்கிப் புறப்பட்டனர். 1957 பிப்ரவரி 14-ஆம் நாள், நடுக்கடலில் ஒரு பேரலை படகைத் தலைகுப்புறக் கவிழ்த்தது. பாய்மரங்கள் முறிந்தன. சுக்கானைப் பிடித்திருந்த பெரில் கடலில் வீசப்பட்டார். அப்போது அவருக்கு வயது 51. காயமுற்ற நிலையிலும் நீந்திப் படகை நெருங்கிய அவரை மற்ற இருவரும் இழுத்து ஏற்றினர். படகினுள் இடுப்பளவு நீர். மூவரும் வாளிகளால் நீரை இறைத்தனர். தச்சு வேலையில் வல்லவரான கஸ்வெல் உடைந்ததைச் சீர்செய்ய, ஒருவாறாகச் சிலி நாட்டுக் கரையை அடைந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் தம்பதியர் இருவர் மட்டும் மீண்டும் முயன்று, மீண்டும் கவிழ்ந்து, மீண்டும் பிழைத்தனர். கடைசியில் 1968 டிசம்பரில் அம்முனையைக் கடந்தனர்.

எல்லாரும் இவ்வாறு துணிய வேண்டும் என்பது நம் கருத்தன்று. அவர்களுள் ஒருவர் தலைவராகவும் மற்றவர் வெறும் பயணியாகவும் இருந்திருப்பின், அந்தப் படகு கரை கண்டிராது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இவ்வாழ்வின் நிழலையும் மறைக்கலாகாது. கணவனுடைய கனவுக்காகவே மனைவி கடலுக்கு வந்து, வாய்விட்டுச் சொல்லாமல் அஞ்சி அஞ்சி வாழ்ந்து, ஓராண்டில் படகும் இல்லறமும் சேர்ந்தே உடைந்த கதைகளும் உண்டு. பேரக்குழந்தையின் முதல் நடையைச் செயற்கைக்கோள் வழியாகத் திரையில் காணலாம். கையைப் பிடித்து நடத்த முடியாது. இதய நோய் கண்டால் மருத்துவமனை தொலைவில் இருக்கும். மாலைதோறும் கூடும் கூட்டத்தில் மதுக்கிண்ணம் அளவு கடந்துவிடுவதும் உண்டு. நட்புகளோ, காற்றுத் திரும்பினால் கலைந்துபோகும் நட்புகள். நேற்று உயிர்த் தோழராய் இருந்தவர் இன்று காலை பாய் விரித்துச் சென்றிருப்பார்.

அப்படியாயின், இந்தக் கூட்டுறவெல்லாம் வெறும் பொழுதுபோக்குத்தானா? இக்கேள்விக்கு 2019-ஆம் ஆண்டு ஒரு விடை தந்தது. அவ்வாண்டு செப்டம்பர் தொடக்கத்தில் 'டோரியன்' என்னும் கொடிய சூறாவளி பஹாமாஸ் நாட்டின் அபாக்கோ, கிராண்ட் பஹாமா தீவுகளைத் தாக்கி அழித்தது. குளிர்காலங்களில் அத்தீவுகளில் விருந்தினராய்த் தங்கியிருந்த படகோட்டிகள் பலர் பணம் திரட்டினார்கள். சொந்தப் படகுகளில் குடிநீரும் உணவும் ஏற்றிச் சென்றவர்களும் இருந்தார்கள். உண்டு களித்த இடத்தை மறவாதிருந்ததால், அவர்களுடைய உறவு உண்மையானது என்று தெரிந்தது.

ஞாயிறு காலைகளில் ஸ்டாக்கிங் தீவின் மணலில், மரநிழலில், பல சபைகளையும் சார்ந்த இம்முதியோர் கூடி ஒரு பொது வழிபாடு நடத்துவது வழக்கம். புறப்படுகிறவர்களுக்காக அங்கே மன்றாடுவதன் பொருள், கடலைக் கண்டவர்களுக்கு நன்கு விளங்கும்.

இறுதியாக, எப்போது நிறுத்துவது என்ற கேள்வி. கைகள் கயிற்றை இழுக்கத் தளரும் நாள் ஒன்று வரும். ஸ்மீட்டன் தம்பதியர் அதனை உணர்ந்து படகை விட்டிறங்கி, கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் வனவிலங்குகளைப் பேணும் பண்ணை ஒன்றை அமைத்தனர். கனடாவில் அற்றுப்போயிருந்த ஒரு சிறு நரியினத்தை வளர்த்துப் பெருக்கும் பணி அங்கே தொடங்கியது. 1979-இல் பெரில் மறைந்தார். 1988-இல் மைல்ஸ் மறைந்தார். கடலை விட்டது அவர்களுக்குத் தோல்வியாய் இல்லை. பயனுள்ள வேறொரு பணி அவர்களுக்காகக் கரையில் காத்திருந்தது.

அன்பர்களே, நம்மில் எவரும் வீட்டை விற்றுப் படகு வாங்கப் போவதில்லை. ஆனால் அவர்களுடைய முதல் விதி நம் வீடுகளுக்கும் பொருந்தும். கணவர் நோயுற்றுப் படுத்தால், வங்கிக் கணக்கும் காப்பீட்டுப் பத்திரமும் எங்கே என்று மனைவிக்குத் தெரியுமா? மனைவி மருத்துவமனையில் இருந்தால், கஞ்சி வைத்துக் குடிக்கவும், எந்த மாத்திரையை எந்த வேளைக்குத் தருவது என்று அறியவும் கணவருக்குத் தெரியுமா? "எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்", "எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள்" என்பவை அன்பின் சொற்கள்போல் ஒலிக்கும். ஒருவர் தனித்து விடப்படும் நாளில், அவையே அவருக்குப் பெருஞ்சுமையாகும். இதைப் பங்கில் அடக்கச் சடங்குகளுக்குப் பின் பல வீடுகளில் நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

ஆகவே இம்மாதத்திற்கு இரண்டு சிறு கடமைகள். கணவனும் மனைவியும் மற்றவருடைய வேலை ஒன்றை, மற்றவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கற்பிக்கும்போது குரலை உயர்த்தாதீர்கள்! ஒரு மாலை, கையில் ஒரு பண்டத்தோடு சென்று, முதியோர் இருவர் மட்டும் வாழும் அயல் வீடு ஒன்றின் கதவைத் தட்டுங்கள். நெடுநேரம் இருக்க வேண்டியதில்லை. வரலாமா என்று கேட்டு உள்ளே செல்லுங்கள். பொழுது சாய்ந்ததும் எழுந்து வாருங்கள். மறுநாள் காலையில் நமக்காகவும் வானிலை கேட்டுச் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதி அந்த இல்லத்தில் தங்கும்.